ஒன்பதாம் ஷரத்து

செப்டம்பர் 5

அன்பும் மதிப்பும் மிக்க என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நானும் மகளும் நலம். நீங்களும் உங்கள் பொறுப்பில் இருக்கும் பதினோரு பம்புகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழாம் நம்பர் பம்பு இருமுவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு மகள், "நானும் போன வாரம் பூரா இருமினேன். எனக்கு ஒன்றரை வரிகூட வரலயேம்மா" என்றாள். இருமலை அவள் உங்களிடம் சொல்லவே இல்லை, நானும் எழுதவில்லை என்பதை நினைவூட்டினேன். "பம்பு மட்டும் லெட்டர் போட்டுச்சா?" என்று கேட்டாள். இப்போது சரியாகிவிட்டது. கவலை வேண்டாம்.

அவளிடம் உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் கொடுத்தேன். மூன்றாம் பக்கம் என் கைப்பையில் இருக்கிறது.

அந்தக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை நான் அலுவலகம் கிளம்பும்போது வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். அங்கே உங்கள் கம்பெனி முகாமில் ஏ.சி. பழுது, அறையில் இருப்பவரின் குறட்டை எல்லாம் தெரிந்துகொண்டேன். கடைசியில் காலுறை கேட்டிருந்தீர்கள். குறட்டைக்கும் காலுறைக்கும் நடுவில் இன்னொரு செய்தியும் இருந்தது. டிசம்பரில் முடிய வேண்டிய வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கம்பெனி கேட்கிறது, நவம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் எனக்குச் சரி என்று எடுத்துக்கொள்வீர்கள்.

காலுறை ஆறு ஜோடி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மற்றதைப் பற்றி விவரமாகப் பிறகு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனில் நாம் இருவரும் 'சாப்பிட்டாச்சா', 'ஆச்சு' என்ற கட்டத்தைத் தாண்டியதில்லை என்பதால் அது பெரிய அதிசயமில்லை.

இங்கே மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை நெருக்கடி. ரொட்டிக் கடைகளுக்குப் பெரிய மின்சார அடுப்புகளை வாடகைக்கு விடும் ஒரு ஜெர்மன் நிறுவனம் எங்களுக்கு வாடிக்கையாகியிருக்கிறது. அவர்கள் வெளிநாட்டுக் கடைக்காரர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், விலை பற்றிய பகுதி முழுவதையும் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். வேலை என் தலையில் விழுந்தது. ஜெர்மன்காரர்களும் நம்மைப் போல வினைச்சொல்லைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருப்பவர்கள் என்பதால் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகும். ஆனால் விலை விஷயத்தில் அவர்கள் மடி கொஞ்சம் ஆழம்.

ஐந்தாம் ஷரத்து, விலை நிலையானது என்கிறது. ஆறாம் ஷரத்து, நிலையான விலை எந்தெந்தக் காரணங்களால் மாறும் என்று பட்டியல் போடுகிறது. ஏழாம் ஷரத்து, பட்டியலில் இல்லாத காரணங்களாலும் மாறலாம் என்கிறது. எட்டாம் ஷரத்தில் வாடிக்கையாளர்களை வகை பிரிக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அறிமுகத் தள்ளுபடி. போய்விடுவேன் என்று மிரட்டுகிறவருக்குச் சிறப்புத் தள்ளுபடி. பத்து வருடமாகத் தொந்தரவில்லாமல் இருப்பவருக்கு 'நம்பிக்கைக்குரிய பங்காளர்' என்ற பட்டமும் முழு விலையும். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமான எனக்கு இந்த ஷரத்தை மொழிபெயர்க்க அகராதி தேவைப்படவில்லை.

ஒன்பதாம் ஷரத்துதான் உயிர்நாடி. நிறுவனம் புதிய விலையைக் கடிதத்தில் அறிவிக்கும். ஆறு வாரத்துக்குள் கடைக்காரரிடமிருந்து பதில் வராவிட்டால், அவர் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். இவ்வளவு வசதியான ஏற்பாடு ஜெர்மன்காரர்களுக்கு மட்டுமே தோன்றும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதை ஆங்கிலத்தில் எழுதியது அதே செவ்வாய்க்கிழமை.

எங்கள் அலுவலகத்தில் 'திருப்பிப் பார்ப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்திலிருந்து மறுபடி ஜெர்மனுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ஜெர்மனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே வழுக்கினோம் என்று தெரிந்துவிடும். வழக்கமாக அதைச் செய்பவர் பூதக்கண்ணாடி. மெய்ப்பு பார்க்கிற பெரியவரைச் சொல்கிறேன். அவருக்குக் கண் அறுவை சிகிச்சை என்பதால் இரண்டு மாதம் விடுப்பு. முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் நான்தான் இருந்தேன். "உன்னோடதை நீயே திருப்பிப் பாத்துடும்மா, உனக்குத் தெரியாத ஜெர்மனா?" என்றார். பார்த்தேன். இரண்டு ஜெர்மனுக்கும் ஒரு காற்புள்ளி வித்தியாசம்கூட இல்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு பொருத்தத்தைக் கண்டதில்லை என்று முதலாளியம்மா பூரித்துப்போய், பூதக்கண்ணாடியின் ஜன்னலோர நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார். கீழ்மாடிப் பல் மருத்துவரின் டிரில் சத்தம் அங்கே கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது.

வீட்டில் குளியலறைக் குழாய் உடைந்தது. சரிசெய்துவிட்டோம். மகள் கணக்கில் நல்ல மதிப்பெண். எல்லாம் தன்பாட்டுக்கு நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மனைவி

*

நவம்பர் 6

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நடுவில் நான் போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். அவற்றில் அந்த மூன்றாம் பக்கத்துக்குப் பதில் இல்லை என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. நானும் குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் நமக்குள் இருக்கும் ஒற்றுமையைப் பார்த்து யாரும் பொறாமைப்படலாம். "நீங்கள் இருவரும் அங்கே நன்றாகச் சமாளிப்பது மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

இந்தக் கடிதத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் குற்றம்தான்.

திங்கட்கிழமை அடுப்பு நிறுவனத்தின் வக்கீல் ஜெர்மனியிலிருந்து போன் செய்தார். முதலாளியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். குரலில் கோபமில்லை. கோபப்படுவதற்கு முன் தகவல் சேகரிக்கிற வகை. நிறுவனம் செப்டம்பர் நடுவில் ஆங்கில ஒப்பந்தத்தையும் புதிய விலையையும் முந்நூற்று நாற்பது ரொட்டிக் கடைகளுக்கு அனுப்பியிருக்கிறது. ஆறு வாரம் காத்திருந்திருக்கிறது. வழக்கம்போல அநேகமாக ஒருவரும் பதில் போடவில்லை. சந்தோஷமாகப் புதிய விலையில் பில் அனுப்பியிருக்கிறது. அப்போது ஒரு கடையிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். அடுப்பு சூடாக நாற்பது நிமிடம் ஆகிறதாம், அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பது அவர் பழக்கமாம். "உங்கள் ஒன்பதாம் ஷரத்தின்படி, பதில் போடாதவர் புதிய விலையை ஏற்கவில்லை என்று பொருள். அதனால்தான் மெனக்கெட்டுப் பதில் போடாமல் இருந்தேன். பழைய விலைக்குப் பில் அனுப்பவும். அன்புடன்."

முதலாளியம்மா ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னார். பூதக்கண்ணாடி வேலைக்குத் திரும்பி அன்றுதான் முதல் நாள். புதுக் கண்ணோடு படித்த முதல் வாசகம் என்னுடைய ஒன்பதாம் ஷரத்து. நிதானமாகப் படித்தார். ஜெர்மனைப் படித்தார். மறுபடி ஆங்கிலத்தைப் படித்தார். "ஏம்மா, அவங்க பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு போட்டிருக்காங்க. நீங்க, பேசாம இருந்தா ஒத்துக்கலன்னு போட்டிருக்கீங்களே" என்றார். பிறகு, கண் சரியாகத் தெரிகிறதா என்று சோதிப்பவரைப் போல ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

தலைகீழாக எழுதியிருக்கிறேன். தெளிவாக, அழகாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தலைகீழாக.

அப்படியென்றால் திருப்பிப் பார்த்தபோது எப்படிப் பொருந்தியது என்று நீங்கள் கேட்பீர்கள். வக்கீலும் கேட்டார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் திருப்பவில்லை. ஜெர்மன் மூலம் மனப்பாடமாக இருந்தது, அதையே எழுதிவிட்டேன். காற்புள்ளிவரை பொருந்தியதில் வியப்பில்லை. ஒரே ஆள் எழுதி அதே ஆள் சரிபார்த்தால், உலகத்தில் எல்லாமே பொருந்தும்.

முதலாளியம்மா என்னிடம் கிசுகிசுப்பாக, "நான் பேசிக்கறேன், நீ வாயத் தொறக்காத" என்றார். அதற்குள் என் வாய் திறந்துவிட்டது. எழுதியது நான், சரிபார்த்ததும் நான், தவறு முழுக்க என்னுடையது என்றேன். அந்தப் பக்கம் வக்கீல் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஆங்கிலப் பிரதியைப் படித்து ஒப்புதல் அளித்தவர்கள் பட்டியலில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்றார். ஆங்கிலத்தைப் படித்தீர்களா என்று முதலாளியம்மா கேட்டார். ஜெர்மனை இரண்டு முறை படித்ததாகச் சொன்னார். அவருக்கும் மனப்பாடம் போலிருக்கிறது. அதன்பின் பேச்சு மரியாதையாகவே நடந்தது.

முடிவு இதுதான். பேசாமலிருந்த அத்தனை கடைக்காரர்களும் சட்டப்படி பழைய விலையில் நிற்கிறார்கள். இனி நிறுவனம் ஒவ்வொருவருக்கும் எழுதி, "இந்த விலை உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?" என்று நேராகக் கேட்க வேண்டும். இதுவரை யாரையும் அப்படிக் கேட்ட அனுபவம் அவர்களுக்கு இல்லாததால், கடிதத்தை நான்தான் எழுதித்தர வேண்டும். கடைக்காரர்களின் பதில்களையும் நான்தான் ஜெர்மனில் தர வேண்டும். இரண்டும் இலவசம். வேலை போகவில்லை. ஜன்னலோர நாற்காலி போய்விட்டது. பூதக்கண்ணாடி அதில் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்ஸின் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் கிளம்பும்போது அவர் என்னிடம் மட்டும், "அன்னிக்கு என்னம்மா நெனப்புல இருந்தீங்க?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. மூன்றாம் பக்கம் பற்றி அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேன். நவம்பர் முப்பது எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் நலம் நாடும்,
மனைவி

*

நவம்பர் 15

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முகாமுக்கு எட்டு நாளில் வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து படியுங்கள். பம்பு பக்கத்தில் நின்று படிக்க வேண்டாம்.

கடைக்காரர்களின் பதில்கள் நாலைந்து நாளாக வந்துகொண்டிருக்கின்றன. ஆறு வாரம் கொடுத்தும் வாய் திறக்காத அதே ஆட்கள்தான். நேராகக் கேட்டதும் இரண்டாம் நாளே எழுதுகிறார்கள். நிறுவனத்தில் எல்லோரும் பயந்தது போல 'முடியாது' என்பவர்கள் அதிகமில்லை. பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். ஆனால் சும்மா சம்மதிப்பதில்லை. ஒருவர், விலை பரவாயில்லை, அடுப்புக் கதவு நாலு வருடமாக முழங்காலில் இடிக்கிறது என்கிறார். ஒருவர், சம்மதம், ஆனால் எனக்கு வருத்தம் என்பதையும் குறித்துக்கொள்ளவும் என்கிறார். ஒரு கிழவர், பதினாறு வருடத்தில் உங்கள் கம்பெனி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது என்று ஆரம்பித்து, தன் குடும்பக் கதையை நாலு பக்கம் எழுதியிருக்கிறார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் போனில், அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று என்னையே கேட்டார். அவரிடமே இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன்.

அடுத்த வருட ஒப்பந்தத்தில் ஒன்பதாம் ஷரத்தைப் பழையபடி திருத்தப்போகிறார்கள். இந்த வருடம் பட்ட சிரமம் போதுமாம்.

இப்படி ஊரார் பதில்களை ஜெர்மனில் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் மூன்றாம் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் பாஸ் தேடி என் கைப்பையைக் கொட்டியிருக்கிறாள். படித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்பாவுக்கு என்ன பதில் போட்டே?" என்று கேட்டாள். இன்னும் போடவில்லை என்றேன். "மூணு மாசமா? அப்போ அவர் அங்கேயே இருக்கட்டும்னு சொல்றியா?" அப்படிச் சொல்லவில்லை என்றேன். "பின்ன எப்படித்தாம்மா சொல்றே?" என்றாள். பதினைந்து வயதில் அந்தக் கேள்வி சுலபமாகத்தான் இருக்கிறது.

ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாருங்கள் என்று எழுதி, நீங்கள் வந்து, இங்கே கிடைக்கிற வேலை உங்களுக்குப் பிடிக்காமல் போனால், அது நான் இழுத்துவந்த வினை. எழுதாமல் இருந்து நீங்கள் அங்கேயே இருந்துவிட்டால், அது நீங்கள் எடுத்த முடிவு. பேசாமல் இருப்பதில் இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது எதற்கு வாயைத் திறப்பது? நீங்களும் அதே கணக்கில்தான் அதை ஏ.சி.க்கும் காலுறைக்கும் நடுவில் ஒளித்து வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். 'வரட்டுமா?' என்று கேட்டால் நான் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்திருக்கலாம். தப்பு உங்கள்மேல் மட்டும் இல்லை. என் கடிதங்களைப் படிக்கிற யாருக்கும் அந்தப் பயம் வரும்.

அவற்றையும் யாராவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நானே செய்கிறேன், இந்தத் தடவை ஒழுங்காக. குளியலறைக் குழாய் உடைந்தது, சரிசெய்துவிட்டோம் என்று எழுதினேன். நடந்தது என்னவென்றால், மகள் துணியை வைத்து அடைத்துக்கொண்டு நிற்க, நான் மூன்று பிளம்பர்களுக்குப் போன் செய்து, கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீரோடு தண்ணீராக அது அவளுக்குத் தெரியவில்லை. கணக்கில் நல்ல மதிப்பெண் என்று எழுதினேன். மதிப்பெண் வந்த அன்று அவள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிப்போய், யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள். எல்லாம் தன்பாட்டுக்கு நடக்கிறது என்று எழுதினேன். நடக்கத்தான் நடக்கிறது. நீங்கள் இல்லாமல் நடக்கிறது என்பதை எழுதக் கை வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் என்ன நினைப்பில் இருந்தேன் என்பதைப் பூதக்கண்ணாடியிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நீங்கள் அறிவித்ததற்கு என் பதிலை முறைப்படி, உரிய தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தருகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. மகளுக்கும் இல்லை. அவள் கீழே தன் கையெழுத்தையும் போடுவேன் என்கிறாள், போடட்டும்.

நீங்கள் இருந்தே ஆக வேண்டிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். உட்கார்ந்து படிக்கிறேன், சண்டை போடவும் தயார். ஆனால் காரணத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

காரணம் இல்லையென்றால் வந்துவிடுங்கள். வாசனைத் திரவியம், சாக்லேட், போர்வை எதுவும் வாங்க வேண்டாம். இங்கே குடிநீர் வாரியத்தில் பம்பு பார்க்க ஆள் தேடுகிறார்களாம். பம்புகள் பழையவை, நிறைய இருமும், உங்களுக்குப் பிடிக்கும். சம்பளம் குறைவுதான். அதை மறைக்கப் போவதில்லை. அலமாரியில் உங்கள் பக்கத்தை மகள் மெல்ல மெல்ல ஆக்கிரமித்திருக்கிறாள். காலி செய்யச் சொல்லியிருக்கிறேன், ஒரு தட்டுக்கு மட்டும் பேரம் பேசுகிறாள்.

இரண்டு வருட இடைவெளி என்பதால் முதல் சில நாள் என்ன பேசுவது என்று நமக்குத் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. நீங்கள் ஒரு நாற்காலியிலும் நான் ஒரு நாற்காலியிலும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதற்கு நான் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நல்லபடியாக, சீக்கிரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மனைவி

அப்பா, எனக்கும் சம்மதம் இல்லை. அம்மா ஒரு தட்டு விஷயத்தைத் தப்பா எழுதியிருக்காங்க. ரெண்டு தட்டு. வந்து பேசிக்கலாம்.
மகள்